அறுபது பேர் வாசித்த என் பாட்டு

நெதர்கோம்ப், சாமர்செட்
6 செப்டம்பர் 1909

லண்டனில் வாழும் இசையமைப்பாளர் மேன்மைமிகு டெலமேர் ஐயா அவர்களுக்கு, வேலி கட்டும் ரூபன் ஹேக்கெட் தொப்பியைக் கழற்றி வணங்கி எழுதுவது. நானும் மனைவி ஹெட்டியும் நலம். பசுவும் நலம், உங்கள் நோட்டில் இரண்டு பக்கத்தைத் தின்றதில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தங்கள் நலம் அறிய ஆவல்தான், ஆனால் அதற்கு முன்னால் என் பாட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

போன வருஷம் ஜூன் மாதம் சைக்கிளில் வந்து, வானம்பாடி கேட்கிறேன் என்று என் புல்வெளியில் மூன்று நாள் மல்லாந்து கிடந்தீர்கள். நீங்கள் படுத்த இடத்தில் புல் இன்னும் நிமிரவில்லை, அதைக்கூடப் பொறுத்தேன். பிறகு பழைய பாட்டு ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். பல்வலியில் கன்னம் வீங்கியிருந்தும், வந்த விருந்தாளி ஆயிற்றே என்று என் 'ஆற்றோரத்து நான்சி'யைப் பாடினேன். இரண்டாம் அடியில் வலி தாங்காமல் ஆப்பிள் கள்ளை ஒரு வாய் குடிக்க நிறுத்தினேன். அதையும் நீங்கள் எழுதிக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும்? இந்த வசந்தத்தில் பாதிரியாரின் மனைவி திருமதி பென்ரோஸ் என்னை டான்டன் நகரத்தில் நடந்த உங்கள் கச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனார். புல்லாங்குழல்தான் வானம்பாடியாம், சரி. அதற்காகக் கால் மணி நேரமா ஒரு பறவை கத்தும்? அப்புறம் அறுபது பேர் சேர்ந்து என் பாட்டை வாசிக்க, நான் கள் குடித்த இடம் வந்ததும் அறுபது பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பக்கத்து இருக்கைச் சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மௌனம் இருக்கே! என்ன ஒரு துக்கம்!" என்றார். துக்கமாவது மண்ணாங்கட்டியாவது, பல்வலி ஐயா அது.

எங்கள் ஊர் மதுக்கடையில் ஒருவன் பாட்டை, அவன் உயிரோடு இருக்கும்வரை இன்னொருவன் தொடமாட்டான். அவன் போனால் அவன் மகனுக்கு. முப்பது வருஷமாக நான்சி என்னுடையவள். இப்போது திருமதி பென்ரோஸ் அவளைப் பியானோவில் வாசிக்கிறார், தபால்காரன் சீட்டியடிக்கிறான். போன சனிக்கிழமை கடையில் நான் எழுந்து பாடினால், பக்கத்து வீட்டு ஜேபஸ் கோக்கர் குறுக்கே விழுகிறான்.

"யோவ் ரூபன், அங்க நிறுத்தணும்யா! தப்பாப் பாடுறே. டான்டன்ல அறுபது பேரு நிறுத்தினாங்களாமே!"

"என் பாட்டுய்யா இது!"

"ஒன் பாட்டா? அதெல்லாம் போன வருஷம். இப்ப ஊருக்கே பாட்டு. அறுவடை விருந்துல நான்தான் பாடப்போறேன், பாத்துக்கோ."

கடை முழுக்கச் சிரிப்பு. நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். வருஷம் முழுவதும் அடுத்தவன் வேலியில் முள் குத்திக்கொள்கிறவனுக்கு, அறுவடை விருந்தில் எழுந்து நிற்கும் அந்த ஐந்து நிமிடம்தான் ஐயா மரியாதை. அதுவும் போனால் நான் யார்?

ஆகவே வரும் பதினெட்டாம் தேதி விருந்துக்கு நேரில் வந்து, ஜேபஸின் முகத்துக்கு நேராக, இந்தப் பாட்டு யாருடையது என்று நீங்களே சொல்லவேண்டும். நம்பாதவர்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

தங்கள் காது நெடுங்காலம் நன்றாயிருக்கவும், படுக்க வேறு யார் புல்வெளியாவது கிடைக்கவும் வேண்டும்,
ரூபன் ஹேக்கெட்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் ஹெட்டிக்குப் படித்துக் காட்டினேன். "பெரியவங்களைக் கேக்கச் சொல்றீங்களே, அவங்க உண்மையைச் சொல்லித் தொலைச்சா? ஜேபஸோட அப்பா ஆமோஸ் படுத்த படுக்கையாக் கெடந்து பாடினப்ப, சன்னலுக்கு வெளிய நின்னு நீங்க கத்துக்கிட்டதுதானே? அவரைப் புதைச்ச வாரமே கடையில எழுந்து பாடினீங்க. ஜேபஸ் துக்கத்துல இருந்தான், வாயைத் தொறக்கல. இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்தித் தொறக்கல" என்றாள். உண்மைதான். நீங்கள் வரவேண்டாம் ஐயா. பாட்டுக்குப் பெயர் போடுவதானால் ஆமோஸ் கோக்கர் என்று போடுங்கள். விருந்தில் நானே எழுந்து, "ஒங்கப்பா பாட்டு, நீ பாடு" என்று ஜேபஸிடம் சொல்லவேண்டும் என்கிறாள் ஹெட்டி. முப்பது வருஷம் பாடிய வாய்க்கு அந்த நாலு வார்த்தை வரமாட்டேன் என்கிறது. மாட்டுக் கொட்டிலில் நின்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.