மாமாவுக்கு, குள்ளமாகிவிட்ட பெஞ்சுகள் பற்றி

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தையும் நலமாக இருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். விசாரித்துப் பக்கத்தை நிரப்ப எனக்குப் பொறுமை இல்லை. விஷயம் இதுதான்: நான் வேலையை விடுகிறேன். உங்கள் நண்பரின் வார்னிஷ் கம்பெனியில் ஆள் எடுப்பதாகச் சொன்னீர்களே, அங்கே என்னைப் பற்றிச் சொல்லிவையுங்கள்.

சாரிடம் என்னைச் சேர்த்துவிட்டவர் நீங்கள் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊரே கொண்டாடும் டிசைனர், மறுக்கவில்லை. ஆனால் மண்ணில் மக்காத எதுவும் அவர் பட்டறைக்குள் நுழையக் கூடாது. குழந்தைகள் பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறைக்குப் பழைய காகிதத்தை ஊறவைத்து, மாவுப் பசை சேர்த்து அழுத்திப் பெஞ்சுகள் செய்தோம். பாரம் தாங்குகிறதா என்று சோதிப்பது என் பொறுப்பு. யானை உட்கார்ந்தாலும் அசையாது. "சார், காலுக்கு மட்டும் ஒரு கோட் வார்னிஷ்" என்றேன். "பூசினா மக்காதுப்பா" என்றார். "மண்ணுக்குப் போறதுக்கு முன்னாடி அது கொஞ்ச நாள் தரையில நிக்கணுமே சார்!" கேட்டால்தானே? அந்த ஆஸ்பத்திரியில் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்களா என்று அவரும் விசாரிக்கவில்லை, நானும்... சரி, அது என் வேலை இல்லை.

தரை துடைக்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, உங்க பெஞ்சு தண்ணி குடிக்குது. நேத்து அடியில மாப்புக் கட்டை போச்சு, இன்னிக்கு நுழையவே மாட்டேங்குது." ஓடிப்போய்ப் பார்த்தால், ஆஜானுபாகுவான அப்பாக்களெல்லாம் முழங்கால் காதை இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். சாரும் உட்கார்ந்து பார்த்தார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "எவ்வளவு சுத்தமா கரையுது பாத்தியா! ஒரு துணுக்குக் குப்பை இல்ல." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், இது பெஞ்சு. சோப்பு இல்ல."

"எல்லாத்தையும் திருப்பி எடுத்து, ஊறவெச்சு, புதுசா செஞ்சு தருவோம்."

"மறுபடியும் கரையும் சார்."

"மறுபடியும் செய்வோம். வார்னிஷ் மட்டும் கிடையாது."

"அப்ப நான் கிளம்பறேன்."

"போறப்ப பெஞ்சை ஏத்த வண்டிக்குச் சொல்லிட்டுப் போ."

அவர் பக்கமும் நியாயம் இருக்குமே என்று இழுக்காதீர்கள் மாமா. சார் உங்களுக்குக் கொடுத்தனுப்பி, உங்கள் குளியலறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சைப் பாருங்கள். அதே காகிதம், அதே பசை. அத்தை ஈரத் தலையோடு உட்கார்ந்தும் கம்பீரமாக நிற்கிறதே, எதனால்? சாருக்குத் தெரியாமல் நான் பூசிய வார்னிஷால்!

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி வேண்டும். அதைவிட அவசரமாக அந்தக் கம்பெனியின் விலாசம் வேண்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத மருமகன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பல் டாக்டரம்மா போன் செய்துவிட்டார். பெஞ்சை எடுக்கக் கூடாதாம். "தூக்கி உட்கார வெச்சாலே அலறுற பிள்ளைங்க, இப்ப தானா ஏறி உட்காருதுங்க. இதே உயரத்துல நிறுத்திக் கொடுங்க" என்கிறார். சார் என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு காலுக்கும் ஒரு சுட்ட மண் கிண்ணத்தை மாட்டினேன். தண்ணீர் ஏறவில்லை, மண்ணும் மண்ணுக்கே போகும். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார். அதைக் கிளற வேண்டாம். வார்னிஷ் கம்பெனிக்காரரிடம் வாயே திறக்காதீர்கள். இன்னொன்று, உங்கள் வீட்டுப் பெஞ்சு எவ்வளவு அழகாகக் கரைந்திருக்கிறது என்று பார்க்க சார் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறார். அதற்குள் வார்னிஷைச் சுரண்டிவிட்டு, அத்தையைப் பெஞ்சுக் காலுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். தாராளமாக.