மழை விடுபட்ட படம்

இக்கதையை 2011 நவம்பரில், நார்வேயின் பெர்கன் நகரில், கிரேத்தே என்னும் நூலகர் சொல்லக் கேட்டேன். மீன்வள ஆய்வகத்தில் கதைத்தலைவர் ஐவிந்துக்கு அடுத்த மேசையில் ஆறாண்டு வேலை பார்த்தவர் அவர். ஆதலின் அவர் பாடத்தையே முதன்மையாகக் கொள்கிறேன்.

எதையும் தொட்டியாகப் பார்ப்பது ஐவிந்தின் தொழில். கடலிலுள்ள ஹெர்ரிங் மீன் ஒரு தொட்டி. புதுக்குஞ்சுகள் அதை நிரப்பும் குழாய். வலைகள் அதன் வடிகால். குழாயையும் வடிகாலையும் கணினியில் திருகி, இருபது ஆண்டுக்குப் பின் என்ன மிஞ்சும் என்று அவர் காட்டினால், அமைச்சகமே அதன்படி மீன்பிடி அளவை முடிவு செய்யும். வீட்டில்தான் அவர் பேச்சு எடுபடவில்லை. அண்டைவீட்டு பியார்ன் தம் திறந்த மரப்படகை விற்கவிருந்தார். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும். மனைவி தூரியோ மூன்று முறை மறுத்துவிட்டார்.

நான்காம் முறை ஐவிந்த் வாயால் கேட்கவில்லை. குடும்பத்தையே ஒரு தொட்டிப் படமாகக் கணினியில் ஏற்றினார்.

வெள்ளிக்கிழமைக் காலை, காப்பிக் கோப்பைகளை ஒதுக்கித் திரையைத் திருப்பினார்.

"தூரி, பாரு! படகு வாங்கினா நம்ம சந்தோஷத் தொட்டி பத்து வருஷத்துல மூணு மடங்கு!"

"அடேயப்பா! நீ சொல்றதா, அது சொல்றதா?"

"அதுதான்! அது என்ன சொல்லுதோ அதுதான் தீர்ப்பு. அமைச்சருக்கும் இதே பேச்சுதான்."

"சத்தியமா?"

"சத்தியமா!"

தூரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"மழை எங்கே?"

ஐவிந்த் படத்தில் தேடினார். ஆண்டில் பாதிக்கு மேல் மழை பெய்யும் பெர்கனில் பிறந்தவர், மூச்சுக்காற்றை எழுதாததுபோல மழையையும் எழுதாமல் விட்டிருந்தார்.

"அது... படத்துக்கு வெளியே."

"படகுக்கு வெளியேவா பெய்யும்? உள்ள போடு."

போட்டார். திரையில் பதினோராம் நாள் படகு நிரம்பி மூழ்கியது. சந்தோஷக் கோடும் கூடவே மூழ்கியது.

"இரு, இரு! படகும் ஒரு தொட்டிதானே? வடிகால் இல்ல, அதான்! நான் போய் இறைக்கிறேன்!"

"என்னைக்கெல்லாம்?"

"மழை பெய்யற நாளெல்லாம்!"

"எழுது."

எழுதினார். கோடு துள்ளி எழுந்தது. ஐவிந்தும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"பெய்யாத நாள்ல?" என்றார் தூரி.

"இறைக்கவே வேண்டாமே! எனக்கு வேலையே இல்ல!"

"பாவம், படகு சும்மா கிடக்குமே. அந்த நாளை எனக்குன்னு எழுதேன். எங்க பாடகர் குழுப் பொண்ணுங்களைக் கூட்டிட்டுக் கானாங்கெளுத்தி பிடிக்கப் போறேன்."

எழுதினார். கோடு திரையின் கூரையைத் தொட்டது. "ஐந்து மடங்கு!" என்று கூவினார். அச்செடுத்து, இருவரும் கையெழுத்திட்டதும் குளிர்பெட்டியில் ஒட்டி, மழைக்கோட்டுகூட இல்லாமல் பியார்ன் வீட்டுக்கு ஓடினார். பாதி வழியில் நனைந்தபோதுதான் உறைத்தது: தூரியைச் சம்மதிக்க வைக்கவென்று தாம் வரைந்த தொட்டி தூரியின் சந்தோஷத்தை மட்டுமே அளந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து முனகினார்: "படத்துல ஒரு பிழை இருக்கு, தூரி."

"அமைச்சர்கிட்டயும் இப்படித்தான் சொல்வியா?"

படகு சனிக்கிழமையே வந்தது. அந்த ஆண்டு வறண்ட நாள்களில் அது கடலில் இருந்தது. மற்ற நாள்களில் ஐவிந்த் அதற்குள் இருந்தார்.

தெற்கே ஸ்டாவங்கர்ப் பக்கத்தார் படகு இறுதியில் மூழ்கியது என்கிறார்கள். வடக்கே ஓலெசுண்டில், அதைத் தூரி திரும்ப பியார்னுக்கே விற்றுவிட்டதாகக் கேட்டேன்; அந்தப் பாடத்திலும் தண்ணீரை இறைத்துத் துடைத்துக் கொடுத்தவர் ஐவிந்த்தான்.