நாலு ஃபான்ட்டும் ஒரு பல்பும்

புள்ளி நான்கு நாட்களாக ஒரே காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய சொந்தக் கடையின் பிட் நோட்டீஸ். சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம் இலவசமாக விசிட்டிங் கார்டும் விலைப்பட்டியலும் அரை மணியில் போட்டுக் கொடுத்தவளுக்கு, தன் கடைக்கென்று ஒரு எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் மட்டும் சொன்னாள். அவர் சிரித்தார்.

புள்ளி என்பது அவளுடைய நிஜப் பெயரில்லை. பள்ளிக்கூடத்தில் மெய்யெழுத்து எழுதும்போது, தலையில் வைத்த புள்ளி சரியாக நடுவில் விழவில்லை என்று அழித்து அழித்தே நோட்டை ஓட்டை போட்டவள். அப்போது அவள் அண்ணன் வைத்த பெயர், சீர்வரிசையோடு சேர்ந்து புகுந்த வீட்டுக்கும் வந்துவிட்டது.

கடை என்பது ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார இரண்டு நாற்காலிகள். ஐந்து மாதத்தில் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் அவளுடைய சித்தப்பா. இன்னொருவர் கிளினிக் என்று நினைத்து மாடியேறி வந்த பல்வலிக்காரர். மூன்றாமவர் மட்டும்தான் வேலை கொடுத்தார், அதுவும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

அதற்கு முன் ஏழு வருடம் அவள் ஒரு கம்பெனியில் பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தை வடிவமைத்துக்கொண்டிருந்தாள். முன்பக்கத்தை வேறொருவர் செய்வார். பின்பக்கத்தில் மாவு எத்தனை சதவீதம், எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் வரும். அங்கே அவளுக்கு மேனேஜராக இருந்தவர் நல்ல மனிதர்தான். திங்கட்கிழமை தவறாமல் போன் செய்து, “உன் சீட்டு அப்படியேதாம்மா இருக்கு. ஒண்ணாம் தேதிக்கு மேல என்னால வெச்சுக்க முடியாது” என்பார். பத்துப் புது வாடிக்கையாளர்கள் வராவிட்டால் ஒன்றாம் தேதி திரும்பி வந்துவிடுவதாக அவளும் ஒரு பலவீனமான நேரத்தில் வாக்குக் கொடுத்திருந்தாள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் இருபத்தைந்து நாட்கள் இருந்தன. பிஸ்கட்டைக் கடையில் பார்த்தாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலில் அவள் தேர்ந்தெடுத்தது மெல்லிய எழுத்து. காகிதத்தின் நடுவில் கடையின் பெயர், கீழே சின்னதாக ஒரு வரி, சுற்றிலும் வெள்ளை. படிப்பவரின் கண் எங்கும் இடறாமல் வந்து பெயரில் உட்காரும். பார்க்கப் பார்க்க அவளுக்கே கண் கலங்கியது. வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டினாள்.

கணக்கு வாத்தியாரான கணவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மீதி எங்கே என்று கேட்டார். மாமியார் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக ஒரு தடவை படித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“யாரும்மா தவறிட்டாங்க?”

மறுநாள் புள்ளி தடியான, உருண்டையான எழுத்துக்கு மாறினாள். அதை எடுத்துக்கொண்டு கீழே பல் டாக்டரிடம் போனாள். அவர் பார்த்ததும் முகம் மலர்ந்து, பற்பசையா, குழந்தைகளுக்கா என்று விசாரித்தார். விஷயம் தெரிந்ததும், எழுத்து எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, சிரிக்கிற முகம் ஒன்று இருந்தால்தான் எடுபடும் என்று அடித்துச் சொன்னார். அவர் தொழில் அப்படி.

புள்ளிக்கு வாய் சும்மா இருக்காது. எழுத்து எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்கிறீர்களே, உங்கள் போர்டையே பாருங்கள் என்று அவரைத் தெருவுக்கு இழுத்துப்போனாள். போர்டில் இரண்டு எழுத்துக்கு நடுவே, ஒரு பல் விழுந்ததுபோல் பெரிய இடைவெளி இருந்தது. பதினோரு வருடமாக அதன் கீழே நடந்து போனவர் அன்றைக்குத்தான் அண்ணாந்து பார்த்தார். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருப்பதாக நர்ஸ் வந்து இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

சிரிக்கிற முகத்துக்கு இன்டர்நெட்டில் தேடி, கன்னத்தில் கை வைத்துச் சிரிக்கும் ஒரு பெண்ணைப் பிடித்தாள். அழகான பெண். அதைப் பக்கத்துக் கட்டடத்துத் தையல்காரம்மாவிடம் காட்டியபோது அவர் தையல் மிஷினை நிறுத்திவிட்டார்.

“இந்தப் பொண்ண எனக்குத் தெரியுமே. துணி சோப்புத்தூள் டப்பாவுல இருக்கா, லோன் குடுக்கறவங்க போர்டுல இருக்கா, மூலம் ஆபரேஷன் ஆஸ்பத்திரி காலண்டர்லயும் இருக்கா. பாவம், ஒருத்தி எத்தன எடத்துலதான் வேலை பாப்பா?”

புள்ளி சோர்ந்துபோய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தையல்காரம்மா தன் கஷ்டத்தைச் சொன்னார். போர்டில் கத்தரிக்கோல் படம் இருப்பதால், வாரத்துக்கு இரண்டு பேர் முடி வெட்டிக்கொள்ள வந்து நிற்கிறார்களாம். புள்ளி நோட்டீஸைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் ஓர் ஊசியையும் அதன் நூலே எழுத்தாக வளைந்து போவதையும் இரண்டு நிமிடத்தில் வரைந்து காட்டினாள். அந்தக் காகிதத்தை அங்கேயே மறந்து வைத்துவிட்டும் வந்தாள்.

யோசனை என்றால் பல்புதானே என்று அடுத்ததாக ஒரு பல்பு படம் போட்டாள். எதிர்ச்சாரி ஹார்டுவேர் கடைக்காரர் அதைக் கையில் வாங்கி, எத்தனை வாட்ஸ் என்று கேட்டார். இது விற்கிற பல்பு இல்லை, மூளையில் எரிகிற பல்பு என்று விளக்கினாள். அப்படியானால் ஏன் ஹோல்டர் போட்டிருக்கிறது என்றார். வாக்குவாதம் முற்றி, அவருடைய போர்டில் நாற்பத்து மூன்று சாமான்களின் பெயர் ஒரே அளவில் இருப்பதால் தெருவில் போகிற ஒருவரும் ஒன்றைக்கூடப் படிப்பதில்லை என்று புள்ளி போட்டு உடைத்தாள். அதிகம் எதைக் கேட்டு வருகிறார்கள் என்றாள். பூட்டு என்றார். அப்படியென்றால் பூட்டை மட்டும் பெரிசாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, கோபித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

இந்த நிலையில்தான் கணக்கு வாத்தியார் களத்தில் இறங்கினார். அபிப்பிராயத்தை இப்படிச் சில்லறையாகக் கேட்கக் கூடாது, மொத்தமாகக் கேட்க வேண்டும் என்றார். ஒரு தாளில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். அ, ஆ, இ, ஈ என்று நான்கு மாதிரிகள்: மெல்லிய எழுத்து, உருண்டை எழுத்து, சிரிக்கிற பெண், பல்பு. தெருவில் பதினேழு கடைகள். ஒவ்வொருவரும் ஒரு டிக் போட வேண்டும்.

புள்ளி மூன்று நாள் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒரு டிக் வாங்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அவளோ இந்த எழுத்து ஏன் இப்படி நிற்கிறது, அந்தச் சிவப்பு ஏன் கண்ணைக் குத்துகிறது என்று சொல்ல ஆரம்பித்து, அந்தந்தக் கடையின் பில் புத்தகத்தையும் பையையும் எடுத்து வைத்து உதாரணம் காட்டி, கடைக்கு அரை மணி நேரம் நின்றாள். மூன்றாம் நாள் மாலை வீட்டுக்கு வந்தபோது தொண்டை கட்டியிருந்தது.

வாத்தியார் எண்ணினார். அ நான்கு, ஆ நான்கு, இ நான்கு, ஈ நான்கு. பதினேழாவது ஆளான மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், மாதிரிகள் எதுவும் பிடிக்கவில்லை, இந்தக் கட்டம் போட்ட தாள்தான் பார்க்கத் தெளிவாக இருக்கிறது என்று அதிலேயே டிக் போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அச்சகத்தில் நேரம் வாங்கியிருந்தது. விட்டால் மிஷின் காலியாக இன்னும் இரண்டு வாரம் ஆகும். ஒன்பதரைக்கு அவள் கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய வாத்தியார் வழியில் எட்டிப் பார்த்தார்.

“எல்லாத்துக்கும் சமமா ஓட்டு விழுந்திருக்கு. அப்ப சராசரிதான் எடுக்கணும்.”

“நோட்டீஸுக்கு எப்படிங்க சராசரி எடுக்கறது?”

“நாலையும் ஒண்ணாப் போடு.”

புள்ளி போட்டாள். கடையின் பெயர் மெல்லிய எழுத்தில். அதன் கீழே வரி உருண்டை எழுத்தில். பெண்ணோடும் பல்போடும் போட்டிருந்த மற்ற இரண்டு ஃபான்ட்டும் ஆளுக்கொரு மூலையில். சிரிக்கிற பெண்ணை நடுவில் நிறுத்தி, பல்பைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து மாமியார் போன் செய்து, போன் நம்பர் மட்டும் சிவப்பாக, தன் கண்ணுக்கே தெரிகிற அளவில் இருக்க வேண்டும் என்றார். அதையும் போட்டாள். கடைசி இரண்டு நிமிடம் திரையைப் பார்க்காமலே வேலை செய்தாள்.

அச்சகத்துக்காரர் முப்பது வருடமாக எதைக் கொடுத்தாலும் வாய் திறக்காமல் அடித்துக் கொடுக்கிறவர். இதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். வடிவமைத்தவர் பெயர் கீழே வர வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

“அதாம்மா நல்லது” என்றார்.

மூவாயிரம் நோட்டீஸும் இரண்டு கட்டாக வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குள் வைத்து ஆறு தெருவுக்கும் போட்டுவிடச் சொல்லி, சனிக்கிழமை மதியமே பேப்பர்காரரிடம் ஒப்படைத்தாள். அவர் அவற்றை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போனபோது, பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாமா என்று அவளுக்கு இருந்தது. ஞாயிறு முழுவதும் போனை அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தாள். வெட்கத்தால் வாசல் பக்கமே போகவில்லை.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்ததும் பல் டாக்டர் மாடியேறி வந்தார்.

“உங்க நோட்டீஸைப் பாத்ததுலேர்ந்து என் போர்டு என் கண்ணையே உறுத்துதும்மா. மாத்திக் குடுத்துடுங்க.”

மத்தியானம் தையல்காரம்மா வந்தார். மறுநாள் ஹார்டுவேர் கடைக்காரர், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, பூட்டு எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும் என்று கேட்டார். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். பல் டாக்டரின் மைத்துனர் பக்கத்து டவுனிலிருந்து வந்தார், தங்கும் விடுதி வைத்திருக்கிறாராம். தையல்காரம்மாவுக்குத் துணி போடுகிற மொத்த வியாபாரி வந்தார். எதைப் பார்த்து வந்தீர்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டால் அந்தப் பல்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

அடுத்த வாரக் கடைசிக்குள் பதினான்கு பேர். புள்ளி பழைய மேனேஜருக்குத் தானே போன் செய்து, சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். வைத்ததும் தனியாக அறையில் நின்று ஒரு குதி குதித்தாள். கீழே கிளினிக்கில் யாரோ நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். இனி பிஸ்கட்டின் பின்பக்கம் இல்லை என்ற சந்தோஷம் நெஞ்சுக்குள் நிற்க முடியாமல் தளும்பியது.

ஆனால் ஒரு முள் இருந்தது. இத்தனை வருடம் படித்ததும் பழகியதும் பொய்யாகிவிட்டதே என்ற முள். அழகாகச் செய்தது இரங்கல் செய்தியானது, கண்ணை மூடிக்கொண்டு செய்த அலங்கோலம் பதினான்கு பேரைக் கூட்டி வந்துவிட்டது. சுவரில் ஒட்டி வைத்திருந்த மெல்லிய எழுத்து மாதிரியை எடுத்து அலமாரிக்குள் போட்டாள். மைத்துனரின் விடுதி போர்டுக்கு நாலு ஃபான்ட் போட்டுக் காட்டினாள். அவர் நெளிந்துகொண்டே, கொஞ்சம் சுத்தமாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். மக்களின் ரசனை உங்களுக்குத் தெரியாது என்று அவள் அவரைச் சமாதானப்படுத்தினாள்.

சனிக்கிழமை மாலை வீடே கடைக்கு வந்துவிட்டது. இது சராசரிக்குக் கிடைத்த வெற்றி, இனி பள்ளிக்கூடத்தில் இதையே உதாரணமாகச் சொல்லப்போகிறேன் என்றார் வாத்தியார். சிவப்பு நம்பர் இல்லாவிட்டால் யார் எங்கே கூப்பிட்டிருப்பார்கள் என்றார் மாமியார். சத்தம் கேட்டு மேலே வந்த பல் டாக்டர், சிரிப்பைப் போடச் சொன்னது யார் என்பதை அடக்கமாக நினைவுபடுத்தினார். புள்ளிக்கும் அவர்கள் சொல்வதெல்லாம் நியாயமாகவே பட்டது. இந்தத் தடவை ஆறாயிரம் அடிப்பது என்று ஏகமனதாக முடிவானது. பல்பை இரண்டு மடங்காக்க வேண்டும் என்று அவளே சொன்னாள்.

பேப்பர்காரருக்குப் போன் போனது. இரண்டு தடவை அடித்தும் எடுக்காதவர், மூன்றாவது தடவை எடுத்து, உடனே வருவதாகச் சொன்னார். வந்தவர் உள்ளே நுழையாமல் நிலைப்படியிலேயே நின்றார். வாத்தியார் அவரைத் தோளில் தட்டி உள்ளே அழைத்து, நாற்காலியில் உட்கார வைத்தார். பதினான்கு பேர் வந்த கதையை மாமியார் விஸ்தாரமாகச் சொன்னார். அதற்கெல்லாம் தலையாட்டிய பேப்பர்காரரின் முகம் போகப் போகக் குழம்பிக்கொண்டே வந்தது.

“அதே ஆறு தெரு, அதே மாதிரி, ஒண்ணு விடாமப் போடணும். முடியுமா?” என்றாள் புள்ளி.

பேப்பர்காரர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“போட்டுடலாம் மேடம். அன்னிக்கு வண்டி ரிப்பேராகி நின்னுடுச்சு, உங்ககிட்ட சொல்லவும் சங்கடமா இருந்துச்சு. நீங்க குடுத்த மூவாயிரமும் கட்டுப் பிரிக்காம என் வீட்டுலயே கெடக்கு, மொதல்ல அதப் போட்டுடட்டுமா?”