ஒதிய மரத்துக்கு மஞ்சள் பூசிய கதை

எனக்கு எந்த மரத்தின் மேலும் கோபம் கிடையாது, ஒன்றைத் தவிர. மரம் வெட்டிப் பிழைத்தவன் இப்படிச் சொன்னால் என் பிள்ளைகள் நீங்கள் மூன்று பேரும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். உங்கள் அம்மா சொல்லி நீங்கள் கேட்டிருக்கும் கதையில் நான் ஒருவன்தான் முட்டாள். அது பெரிய அநியாயம். அன்றைக்கு மாம்பலத்தில் என்னைத் தவிர இன்னும் ஒரு கூட்டமே முட்டாளாக நின்றது. அவர்களுக்கும் உரிய பங்கைக் கொடுக்கத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். (மூன்றாம் ஃபாரத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கதையைத் திருத்த வேண்டாம்.)

அப்போது மாம்பலம் ஏரியைத் தூர்த்துப் புதிதாக மனை போட்டுக்கொண்டிருந்தார்கள். தியாகராய நகர் என்று பெயர் வைத்தாயிற்றே தவிர, நகரத்தைக் காணோம். பனையும் புதரும் சேறும், நடுநடுவே மனைக்கு அடித்த முளைக்குச்சிகளும்தான். என் தாய்மாமன் ராஜமாணிக்கம் சிந்தாதிரிப்பேட்டையில் மரவாடி வைத்திருந்தார். மனை வாங்கியவர்களுக்கு மரத்தை வெட்டிக் கொடுத்து, கட்டையை வாடிக்குக் கொண்டுவருவது அவர் தொழில். மீசை முளைக்குமுன்பே அவரிடம் கோடாலி பிடித்தவன் நான். ஆனாலும் அவர் வாயில் என் பெயர் ‘ஒதிய மரம்’ என்பதுதான். ஒதிய மரம் தெரியுமல்லவா? பார்வைக்குப் பருமனாக இருக்கும். தூணுக்கு ஆகாது, கதவுக்கு ஆகாது, அடுப்பில் வைத்தால் புகைதான் வரும்.

ஒரு நாள் மாமா கூப்பிட்டார். மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் மாம்பலத்தில் மனை வாங்கியிருக்கிறார். ஓரத்தில் ஒரு வேம்பு, நட்டநடுவே ஒரு மரம். வேம்பு இருக்கட்டும், நடு மரம் போக வேண்டும். நாளை மறுநாள் மனை முகூர்த்தம்.

“வேப்ப மரத்துல ஒரு எலை உதிரக் கூடாது. வக்கீல் வூட்டம்மாவுக்கு அது வோணுமாம். நடு மரத்த ஒயுங்கா சாய்ச்சிட்டு வந்தீன்னா நீ மேஸ்திரிடா. இல்லேன்னா ஆயுசுக்கும் வாடில கட்ட அடுக்கிக்கினு கெட” என்றார்.

மேஸ்திரி! தலையில் முண்டாசு, கையில் அளவுகோல், பின்னால் நாலு ஆள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. (அந்த நடு மரமும் ஒரு ஒதிய மரம்தான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.)

பெரிய மரத்தை வெட்டுமுன் அடியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, “இதுல குடியிருக்கிறவங்க வேற எடம் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு வெட்டுவது எங்கள் வழக்கம். காக்கையோ பேயோ, சொல்லிவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்தது. ஆனால் கற்பூரம் அணையுமுன் முதல் வெட்டு விழுந்துவிட வேண்டும். ஏன் என்று மாமா சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

முதல் நாள் சாயங்காலமே நான் மனைக்குப் போனேன். விடியுமுன் ஆட்கள் வந்தால் இருட்டோடு இருட்டாக வேம்பை வெட்டிவிடுவார்களோ என்று பயம். எங்கள் ஆட்கள் எதையும் வெட்டக்கூடியவர்கள். வெட்ட வேண்டிய நடு மரத்தில் சுண்ணாம்பால் அடையாளம் போட்டேன். தூறல் வந்து கரைத்துவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி தூறல். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் பூசைக்காக மடியில் கட்டி வைத்திருந்த மஞ்சளை எடுத்துக் குழைத்து, நடு மரத்தில் இடுப்பளவுக்குத் திட்டுத்திட்டாக அப்பினேன். ‘அப்பினதுதான் அப்பினோம், பூசையையும் இப்போதே முடித்துவிட்டால் காலையில் நேரம் மிச்சமாகுமே’ என்று ஒரு மேஸ்திரி யோசனை தோன்றியது. குங்குமம் வைத்தேன், கற்பூரமும் காட்டினேன். வெட்டு மட்டும் காலைக்கு. மரத்தில் கண்கள் மாதிரி இரண்டு முடிச்சுகள் இருந்தன. அவற்றுக்கு மேலும் ஆளுக்கொரு பொட்டு. தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று ஒரு மஞ்சள் துணியையும் சுற்றிக் கட்டினேன். பின்னால் நகர்ந்து நின்று பார்த்தேன். நன்றாகவே இருந்தது. வேலைசெய்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஆட்களோடு போகிறேன். கூட வடம் பிடிக்கும் காதர் பாய். மரம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை வடத்தைக் கட்டி இழுத்து முடிவு செய்கிறவர் அவர். மனைக்கு நாலு முளைக்குச்சி தள்ளி வரும்போதே மணிச் சத்தம் கேட்டது.

காதர் பாய் நின்றார். “இன்னா தம்பி, நேத்து நீ பூசைதான் போட்டியா, இல்ல ஊருக்கே தண்டோரா போட்டியா?”

மரத்தைச் சுற்றிக் கூட்டம். முன்னால் மூன்று பொங்கல் பானை. என் மஞ்சள் துணி மேல் அரளி மாலை. நடுவே தயிர்க்காரி கண்ணம்மா கண்ணீரோடு நின்று எல்லோருக்கும் விபூதி கொடுத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் இருட்டுகிற நேரத்தில் அந்த வழியாக அவள் ஓட்டிக்கொண்டு வந்த எருமை இந்த மரத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டதாம். (எருமை எதைப் பார்த்துத்தான் நிற்காது!)

“எல்லாம் தள்ளுங்க! இது வெட்டுற மரம்!” என்று கத்தினேன்.

“இன்னா நைனா, வாய் கொழுத்துப் போச்சா? அம்மா கண்ண முழிச்சிப் பாத்துக்கினு கீறா, தெரியல?” என்றாள் கண்ணம்மா.

“அது கண்ணு இல்ல, முடிச்சு! பொட்டு வச்சது நானு! நேத்து சாயங்காலம் இந்தக் கையாலதான் வச்சேன்!”

கூட்டம் என் கையைப் பார்த்தது. ‘அப்பாடா’ என்று நினைத்தேன். கண்ணம்மா என் வலது கையைப் பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“அம்மா உன் கையால வச்சிக்கினா. நீ குடுத்து வச்சவன் நைனா.”

“இல்லம்மா, தப்பா வெட்டிடக் கூடாதேன்னு நான்தான்…”

“அத்தான் நானும் சொல்றேன். வெட்டக் கூடாதுன்னு உனுக்குத் தோண வச்சது யாரு?”

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தோள் துண்டைத் தண்ணீரில் நனைத்து, மஞ்சளைத் துடைத்தெறியப் பாய்ந்தேன். இரண்டு தேய்ப்புத் தேய்ப்பதற்குள் துண்டைப் பிடுங்கிவிட்டார்கள். மஞ்சள் பட்ட துண்டாம், பிரசாதமாம். என் கண் முன்னாலேயே அதைக் கிழித்து ஆளுக்கொரு இழையாக மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள். வெற்று மார்போடு நான் ஆட்களைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேர் ஏற்கெனவே கையில் பொங்கலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“பாய், நீங்களாவது ஒரு வெட்டு போடுங்க!”

“நான் பள்ளிவாசலுக்குப் போறவன் தம்பி. இதுல நான் கைய வச்சா நாளைக்கு மெட்ராஸ் பூரா அடிதடி. வடம் புடிக்கத்தான் வந்தேன். வடம் புடிக்கிறேன். நீ வெட்டு.”

வெட்டினேன். கோடாலியை ஓங்கி, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து ஒரே வெட்டு. பட்டை பெயர்ந்து விழுந்தது.

ஒதிய மரத்தின் மேல்பட்டை சாம்பல் நிறம், உள்பட்டை சிவப்பு. வெட்டினால் பிசினும் கசியும். மரவாடியில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாம்பலத்தில் தெரியவில்லை.

“ஐயோ, ரத்தம்!”

“பட்டை! உள்பட்டை! வேற ஒதிய மரத்த வெட்டிக் காட்டட்டுமா? அதுவும் இப்படித்தான் இருக்கும்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். கோடாலி என் கையை விட்டு எப்போது போனது என்றே தெரியாது. பார்த்தால் அது மரத்தடியில், நுனியில் எலுமிச்சம்பழத்தோடு சாமி ஆயுதமாக நின்றது.

அந்த நேரம் பார்த்து வக்கீலின் ஜட்கா வந்து நின்றது. அவர் இறங்கி மரத்தைப் பார்த்தார், பானைகளைப் பார்த்தார், சட்டையில்லாத என்னைப் பார்த்தார்.

“ஏண்டா, மரத்தை வெட்டுன்னா பிரதிஷ்டை பண்ணிண்டு நிக்கறயே! நீ மரம் வெட்டியா, குருக்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பிவிட்டார்.

“போறும், வாயை மூடிண்டு கன்னத்துல போட்டுக்கோங்கோ. நம்ம மனையைத் தேடிண்டு வந்திருக்கா.”

“வரட்டுமே! ஹாலுக்கு நடுவுலயா வரணும்?”

“அவ நகர மாட்டா. ஹாலை நகத்துங்கோ.”

கோர்ட்டில் எத்தனை கேஸ் ஜெயித்தாரோ எனக்குத் தெரியாது. இந்தக் கேஸில் அவர் தோற்றார். தோற்ற கையோடு என் பக்கம் திரும்பி, வக்கீல் பாஷையில் இருக்கிற எல்லா வசவையும் கொட்டினார். முகூர்த்தம் நடந்தது. வீடும் எழும்பியது. ஹால் மரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. பாண்டி பஜார் போகும்போது நீங்கள் கேட்பீர்களே, ‘அந்த வீடு ஏன் அப்பா கூனிக்கிட்டு நிக்குது?’ என்று. அதுதான் காரணம்.

வாடிக்குத் திரும்பினேன். மாமா எல்லாவற்றையும் கேட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“ஒதிய மரத்த வெட்ட ஒதிய மரத்தையே அனுப்பிச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு, கட்டைக் குவியலைக் கையால் காட்டினார். மேஸ்திரி முண்டாசு என் கண்ணெதிரே இன்னொருவன் தலையில் ஏறியது. எனக்கு அது வருவதற்குள் தலையில் பாதி முடி போய்விட்டது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறாது.

இதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் மாம்பலம் பக்கம் என்றபோதே நான் விசாரித்திருக்க வேண்டும். வந்த இரண்டாம் நாளே உங்கள் அம்மா அந்த மரத்திலிருந்து ஒடித்து வந்த கொம்பு ஒன்றைக் கொல்லையில் நட்டாள். ஒதியங்கொம்பை எங்கே ஊன்றினாலும் துளிர்க்கும், அதனால்தான் வேலிக்கு நடுகிறார்கள் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். துளிர்த்தபோது அவள் கண் கலங்கினாள். இன்று அதன் வேர் சமையலறைச் சுவரைப் பிளந்துவிட்டது. அடையாறு வரை போய் ஊரார் வீட்டு மரத்துக்கெல்லாம் கிளை கழிக்கிறேன். என் கொல்லையில் ஒரு இணுக்கை ஒடிக்க எனக்கு உரிமை கிடையாது.

நேற்று என்ன நடந்தது? எலுமிச்சை எது, நார்த்தங்காய் எது என்று தெரியவில்லையே, ஊறுகாய் ஜாடிக்கு நான் அடையாளம் போட்டுத் தருகிறேன் என்று கையை நீட்டினேன். அவ்வளவுதான்.

“அப்பாகிட்ட குடுக்காதேம்மா! அப்புறம் ஊறுகாயைத் தொட்டுக்க முடியாது, கும்பிடத்தான் முடியும்” என்றாள் சின்னவள்.

உங்கள் அம்மா சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. எனக்கு வந்த கோபத்தில் மோர்சாதத்தை ஊறுகாய் இல்லாமலே சாப்பிட்டு எழுந்தேன்.