கஸ்பரின் ஒஸ்டினுக்கு ஓவர்டிரைவ்

மனைவி கையில் ஸ்டியரிங்கைக் கொடுப்பதில்லை என்று கஸ்பர் எடுத்திருந்த தீர்மானத்துக்கு எண்பத்தாறாம் வருஷத்தோடு பதினோரு வயது. கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர். கார், வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கப்பலேறியபோது அவருக்கு விட்டுப்போன ஐம்பத்தேழாம் வருஷத்து ஒஸ்டின். மனைவி ஐவி டீச்சர் லிந்துலைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவாள். கார் ஓட்டப் பழக்கிவிடச் சொல்லி அவள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"இது மலை ரோடு ஐவி. கிளச்ச மிதிக்க ஆம்பளக் காலு வேணும்."

அந்த வருஷம், லொறி டிரைவர் செல்லசாமி கொழும்பிலிருந்து ஒரு செய்தி கொண்டுவந்தார். ஜப்பான் காரிலிருந்து கழற்றிய ஓட்டோமெட்டிக் கியர்பொக்ஸ் ஒன்று விலைக்கு இருக்கிறதாம். கிளச்சே கிடையாதாம். கியரைத் தானே மாற்றிக்கொள்ளுமாம். போதாததற்கு ஓவர்டிரைவ் வேறு.

அன்றைக்குக் கஸ்பருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் கிடந்த ரொட்டி அவர் கண்ணுக்குப் பற்சக்கரமாகத் தெரிந்தது. ஆனால் வீட்டுப் பணத்தைப் போட்டு, இரண்டு மாதம் காரைக் கட்டைமேல் ஏற்றி வைக்க ஐவி சம்மதிக்க வேண்டுமே. யோசித்தார். மறுநாள் காலையில் நொண்டினார்.

முழங்கால் தேய்ந்துவிட்டதென்றும், இனிக் கிளச்சை மிதித்தால் காலே போய்விடுமென்றும் அவர் சொன்னதை ஐவி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். திங்கட்கிழமை இடது காலிலும் செவ்வாய்க்கிழமை வலது காலிலும் தேய்க்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டோமெட்டிக் மாட்டலாமென்று அவர் கொண்டுவந்த யோசனையைப் பற்றித்தான் கேட்டாள்.

"ஓவர்டிரைவுன்னா என்னங்க?"

"சக்கரம் வேகமா ஓடும். இஞ்சின் மட்டும் அலட்டிக்காம மெதுவாச் சுத்தும்."

"நம்ம வீடு மாதிரின்னு சொல்லுங்க."

சம்மதம் கிடைத்ததில் அந்தக் குத்து அவர்மேல் படவேயில்லை. அதோடு, அவருடைய முழங்காலுக்காக ஒன்பது சனிக்கிழமை ஹட்டன் மாதா கோயிலில் நவநாள் ஜெபம் செய்யப்போவதாகவும் ஐவி சொன்னாள். பொய் முழங்காலுக்கு நிஜ ஜெபம். மாதா மன்னிப்பாளா என்று கஸ்பர் கொஞ்சம் பயந்தார். கியர்பொக்ஸ் வந்து இறங்கியதும் பயம் பறந்துவிட்டது.

அது ஒரு கன்றுக்குட்டி கனம். ஒஸ்டின் இஞ்சினுக்கும் அதற்கும் ஒரு துளைகூடப் பொருந்தவில்லை. பொருந்தாததை எல்லாம் பொருத்தத்தானே கர்த்தர் கஸ்பரைப் படைத்தார்! இரண்டுக்கும் நடுவே வைக்கத் தடித்த இரும்புத் தகடொன்றைத் தொழிற்சாலை லேத்தில் கடைந்தார். பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டை வெட்டிக் குட்டையாக்கி ஒட்டினார். காரின் தரையைச் சுத்தியலால் அடித்துப் புடைக்க வைத்தார். கியர் எண்ணெய் சூடேறாமலிருக்க ரேடியேட்டர் வரைக்கும் செப்புக் குழாய் இழுத்தார். கிளச் பெடல் இருந்த ஓட்டையை மூடிவிட்டு, மகாராசா மாதிரி அதன்மேல் கால் வைத்துப் பார்த்தார். கிளச்சோடு சேர்த்துத் தன் ஒரே சாக்கையும் கழற்றிவிட்டோம் என்பது அந்த உற்சாகத்தில் அவருக்கு உறைக்கவேயில்லை.

ஒன்பதாவது சனிக்கிழமை ஐவி ஹட்டனுக்குப் போயிருந்த நேரத்தில் கார் தயாரானது. தலவாக்கலை ரோட்டில் தனியாக ஓட்டிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர்கள் வெண்ணெயாக விழுந்தன. நேரான இடம் வந்ததும் ஓவர்டிரைவ் பிடித்தது. இஞ்சின் இரைச்சல் சட்டென்று அடங்கி, காற்றுச் சத்தம் மட்டும் காதில் கேட்டது. ரோட்டோரம் தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கஸ்பர் வாய்விட்டு அல்லேலூயா பாடினார்.

திங்கட்கிழமை காலை, டீச்சரைத் தானே பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடப் போவதாக லயத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டு, காரைத் துடைத்து வாசலில் நிறுத்தினார். ஐவி வந்தாள். நேரே டிரைவர் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

கஸ்பர் பதறிப்போய், லைசன்ஸ் இல்லாமல் என்ன விளையாட்டு என்று கேட்டார். ஐவி ஜெபப் புத்தகத்தைத் திறந்தாள். மாதா படத்துக்குப் பக்கத்தில் புத்தம் புது லைசன்ஸ் இருந்தது. ஒட்டியிருந்த படத்தில் ஐவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்படி?"

"நவநாளுங்க. ஒன்பது சனிக்கிழமையும் கோயிலுக்கு எதுத்தாப்புல உள்ள டிரைவிங் ஸ்கூல்லதான் செஞ்சேன். போன புதன்கிழம டெஸ்ட்டு. கடைசிச் சனிக்கிழம லைசன்ஸ வாங்கத்தான் போனேன்."

"சரி, எறங்கு. நான் ஓட்டுறேன்."

"உங்க முழங்காலு?"

சுகமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தார். எந்தக் கால் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? அவருக்கே ஞாபகமில்லை. சுற்றிப்போய் மறுபக்கம் ஏறினார்.

ஐவி சாவியைத் திருகினாள். வளைவுகளில் அளவாகக் குறைத்தாள். இறக்கத்தில் வண்டி பிய்த்துக்கொண்டு ஓடாமல் இஞ்சின் பிடிக்க வேண்டுமென்று, யாரும் சொல்லாமலே ஓவர்டிரைவை அணைத்தாள். தினமும் அவள் தொங்கிக்கொண்டு போகும் பஸ்ஸை ஹோர்ன் அடித்து முந்தினாள். கஸ்பருக்கு வயிறு எரிந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஒரு வார்த்தை பாராட்டிவிட்டாளென்றால் அந்த எரிச்சலும் அடங்கிவிடும். லிந்துலை நெருங்கும்போது மெல்லக் கேட்டார்.

"ஓட்டோமெட்டிக் எப்படி ஐவி?"

"பரவாயில்லங்க. ஆனா நான் பழகுனது கிளச் வண்டியில. அது இல்லாம கொஞ்சம் சப்புன்னு இருக்கு. கிளச்ச திரும்பப் பூட்டிருங்களேன்."