கிளிப்பச்சை அப்டேட்

இந்த வருடம் தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிப்பதில்லை என்று தீர்மானம் எடுத்தேன். சாதாரணத் தீர்மானம் இல்லை. குளித்து, துண்டைக் கட்டிக்கொண்டு, வாசலில் நின்று, செம்பனை மரங்களைப் பார்த்தபடி எடுத்த தீர்மானம். செம்பனைக்கு யாராவது சாயம் அடிக்கிறார்களா? அது பாட்டுக்கு நிற்கவில்லையா? நிறம் என்பது மேல்தோல். உள்ளே சுவர் சுவராகத்தான் இருக்கிறது.

நாற்பத்தெட்டு வயதில் இப்படியெல்லாம் தோன்றும். ஜொகூரில் குளிரூட்டிய அலுவலகத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, பிறந்த எஸ்டேட்டுப் பக்கமே திரும்பி, போர்ட்டிக்சனுக்கு அருகே சுவாவில் ஒரு வீட்டை வாங்கி உட்கார்ந்தவனுக்கு இன்னும் அதிகமாகவே தோன்றும்.

என் மனைவி குமுதவல்லிக்கு இப்படித் தோன்றுவதில்லை. மம்பாவில் அவள் தம்பி பழைய மாடி வீடு ஒன்றை வாங்கியிருக்கிறான். அதன் சுவரெல்லாம் அப்பளம் மாதிரிப் பொரிந்து கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சுவரையும் உற்றுப் பார்க்கத் தொடங்கினாள். அவள் சுவரைப் பார்த்தால் எனக்கு முதுகு வலிக்கும்.

ஆகவே தீர்மானத்தை அறிவித்தேன். கூடவே இன்னொன்றையும் சேர்த்தேன். தீபாவளி வரைக்கும் சனிக்கிழமைதோறும் பக்கத்து வீட்டுத் தங்கராஜுவோடு போர்ட்டிக்சன் படகு ஜெட்டியில் தூண்டில் போடப் போகிறேன். குமுதவல்லி தலையாட்டிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். அவள் திட்டினால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். நூல் கோத்தால் தூக்கம் வராது.

அவளிடம் ஒரு மடிக்கணினி உண்டு. அதில்தான் ரவிக்கை வெட்டும் வகுப்பு நடத்துகிறாள். சிரம்பானிலும் மம்பாவிலும் பெண்கள் அவரவர் வீட்டில் கத்தரியோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். இவள் இங்கிருந்து "கழுத்த நல்லா இறக்கி வெட்டுங்க" என்பாள். முதல் நாள் அடுத்த அறையிலிருந்து அதைக் கேட்டபோது நான் சட்டைப் பித்தானைக் கழுத்துவரைக்கும் போட்டுக்கொண்டேன். விஜயதசமி காலையில் புது வகுப்பு தொடங்கவேண்டும். அதற்காக ஒரு மாதமாக ஆள் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அதே ஒரு மாதமாக அந்தக் கணினியும் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டி, அப்டேட் செய்யட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டில் காப்பித் தட்டோடு திரிகிற ஆள் மாதிரி. வேண்டாம் என்றால் போகும். திரும்பினால் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவளே கேட்டாள்.

"என்னாங்க, இத பண்ணிப் பாக்கலாமா? எல்லாம் மாறிப் போயிடும்னு செல்லம் பயமுறுத்துது."

செல்லம் தங்கராஜுவின் மனைவி. குமுதவல்லியின் முதல் மாணவி.

"செல்லத்துக்கு என்னா தெரியும்? ஜொகூர் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் காச்சாவ் பண்ணி படுத்துச்சுன்னா யாரக் கூப்புடுவாங்க?"

"யார?"

"என்னையத்தான்லா."

உண்மை. டெக்னீஷியனுக்குப் போன் போடச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள். அதை அந்த நேரத்தில் சொல்ல அவசியம் ஏற்படவில்லை.

"அப்ப ஒன்னும் மாறாது?"

"ஒன்னும் மாறாது."

"மாறிட்டா?"

"மாறிட்டா வீடு முழுக்க நானே சாயம் அடிக்கிறேன். மாறலன்னா சனிக்கெழம எனக்கு தூண்டில். நீ வாய தெறக்கக் கூடாது."

"சரி. செல்லம் சாட்சி."

"கேட்டுச்சு அக்கா" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து செல்லத்தின் குரல் வந்தது. கூப்பிடாமலே செல்லம் அங்கே எதற்கு நின்றுகொண்டிருந்தாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நான் எந்தப் புழு வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூசை அன்று மத்தியானம், பொரியும் கடலையும் வாங்கக் குமுதவல்லி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லுக்குட் கடைத்தெருவுக்குப் போனாள். நான் அப்டேட்டை அழுத்தினேன்.

திரை நீலமானது. கணினியை அணைக்காதீர்கள் என்றது. நான் ஏன் அணைக்கப் போகிறேன்? கட்டிய மனைவியையே முன்அனுமதி வாங்கி அணைக்கிறவன். எண்கள் மெல்ல ஏறித் தொண்ணூற்றொன்பதில் நின்றன. காப்பி குடித்தேன். தொண்ணூற்றொன்பது. துணி மடித்தேன். தொண்ணூற்றொன்பது. மனிதப் பிறவியும் இப்படித்தான், எல்லாம் முடிந்த மாதிரியே இருக்கிறது, கடைசித் துளிதான் நகர மாட்டேன் என்கிறது என்று ஆழமாகச் சிந்திக்கத் தொடங்கினேன். சிந்தனை பிடிக்காமல் கணினி தானே அணைந்து தானே எழுந்தது.

எழுந்தது வேறு ஆள்.

இடது ஓரத்தில் அடக்கமாக இருந்த ஸ்டார்ட் பொத்தான், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. எங்கள் கல்யாணப் படம் இருந்த இடத்தில் ஏதோ ஒரு பனிமலை. குளிர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை, இருந்தாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். தமிழில் தட்டினால் ஆங்கிலம் விழுந்தது. கேமராவைத் திறந்தால் இருட்டு. மைக்கில் உயிர் இருக்கிறதா என்று பேசிப் பார்த்தேன்.

"ஹலோ."

அசைவில்லை. கொஞ்சம் உரக்க, "ஹலோ, ஹலோ." இன்னும் உரக்க, அடிவயிற்றிலிருந்து, "ஹலோ, கேக்குதா?"

"கேக்குது மச்சான்" என்றான் தங்கராஜு, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

வந்தான். காது மடலில் கிளிப்பச்சையில் ஒரு பொட்டு. அவன் வீடு போன வாரம்தான் கிளிப்பச்சையாகியிருந்தது. சாலையில் போகிற லாரிக்காரர்களே வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். யார் அடித்தது என்று நான் கேட்டபோதெல்லாம் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தான். இப்போது என் திரையைப் பார்த்தான். துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டான்.

"மச்சான், ஒன்னு சொல்லவா?"

"சொல்லு."

வாயைத் திறந்தான். தன் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். வாயை மூடினான். எதையும் தொடாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தொடாமல் எப்படிச் சரிசெய்வது? கைக்கு அகப்பட்ட பொத்தான்களையெல்லாம் சேர்த்து அமுக்கினேன். உடனே கணினிக்குள்ளிருந்து ஒரு பெண் பேசத் தொடங்கினாள். ஆங்கிலத்தில். நான் எதைத் தொட்டாலும் அதன் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். கண் தெரியாதவர்களுக்கான வசதி. எனக்குக் கண் தெரிந்தது, வழிதான் தெரியவில்லை. தவிர, நான் செய்கிற ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிக்காட்ட வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள். மூடியைச் சாத்தினேன்.

வெளியே மோட்டார் சத்தம்.

ஆபத்தில்தான் என் மூளை வேலை செய்யும். இன்று ஆயுத பூசை. பூசையில் வைத்த சாமானை மறுநாள் விஜயதசமி வரைக்கும் யாரும் எடுத்து வேலை செய்யக் கூடாது. கணினியும் ஆயுதம்தானே? குமுதவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதற்குள், மடிக்கணினி சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு சாமி மேடையில் மங்களகரமாக உட்கார்ந்திருந்தது. ராத்திரி கைப்பேசியில் தேடி வழி கண்டுபிடித்துவிடலாம். விடிவதற்குள் எழுந்து, அவள் பார்க்கும் முன் பழையபடி ஆக்கிவிடலாம்.

அவள் மேடையைப் பார்த்தாள். கண் கலங்கியது மாதிரிகூட இருந்தது.

"சாமி மேடப் பக்கமே வராத ஆளு. நீங்களா வெச்சீங்க?"

"உன் தொழிலுலா. மரியாத குடுக்கணும்ல."

"அப்ப உங்க ஆயுதத்தையும் வெக்கணும்" என்றாள்.

ஒவ்வொன்றாக மேடை ஏறின. கார் சாவி. டிவி ரிமோட். பிறகு என் கைப்பேசி. அது எதற்கு என்று கேட்டேன். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் கையில் பிடித்திருப்பதுதான் ஆயுதம், நீங்கள் வேறு எதைப் பிடித்தீர்கள் என்று கேட்டாள். பிறகு மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வாங்கிக்கொண்டாள். படித்த மனிதருக்கு அதுவும் ஆயுதம்தானாம். கடைசியாக என் மூங்கில் தூண்டில் கழியைக் கேட்டாள். அதை நானே ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். நான்தான் ஜெயிப்பேன் என்று அவளே நம்புகிறாள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? குங்குமம் பட்டால் கறை பிடிக்கும் என்று உள்ளே கொண்டுபோய்ப் பழைய சேலையில் சுற்றி எடுத்து வந்து சாய்த்து வைத்தாள். ஒரு முனை தடித்துத் தெரிந்தது. மாலை கட்டியிருப்பாள் என்று நினைத்தேன். கண்ணாடிதான் பூசையில் இருந்ததே.

சாயங்காலம் தங்கராஜுவும் செல்லமும் வந்தார்கள். குமுதவல்லி சூடம் ஏற்றினாள். நான் கண்ணை மூடி, தாயே கலைமகளே, பழைய பதிப்பைத் திருப்பிக் கொடு என்று உருகினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிரார்த்தனைக்கு என் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த நேரத்தில் செல்லம், உள்ளேயும் ஒரு பொட்டு வைத்தால்தான் முழுமை என்று சொல்லிக் கணினியின் மூடியைத் தூக்கினாள். பொட்டு வைத்த விரல் எங்கோ அழுந்தியது.

உள்ளே இருந்தவள் விழித்துக்கொண்டாள். கணீரென்ற ஆங்கிலத்தில், கடவுச்சொல் தவறு, மீண்டும் முயலவும் என்றாள்.

மணியடித்துக்கொண்டிருந்த தங்கராஜுவின் கை நின்றது.

"யாரு பேசுறா?" என்றாள் குமுதவல்லி.

"சரஸ்வதி" என்றேன். வேறு யாரைச் சொல்வது?

"இங்கிலீஷ்லயா?"

"அவுங்களுக்கு எல்லா பாஷையும் தெரியும்லா."

குமுதவல்லி பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். செல்லத்துக்குத் திடீரென்று இருமல் வந்து வெளியே ஓடினாள். தப்பித்தேன் என்று நினைத்தேன். சுண்டலை இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

அப்புறம் பார்க்கக் கைப்பேசி இல்லை, ரிமோட் இல்லை, படிக்கக் கண்ணாடி இல்லை. செய்ய ஒன்றும் இல்லாமல் கோழியோடு கோழியாகப் படுத்துவிட்டேன். என்னை விடியுமுன் எழுப்பவேண்டிய அலாரமும் பூசையில் இருந்தது.

கண் விழித்தபோது வெயில் ஜன்னல் ஏறியிருந்தது. கூடத்திலிருந்து, "கழுத்த பாத்து வெட்டுங்க" என்று கேட்டது.

ஓடினேன். குமுதவல்லி கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரை நிறையப் பெண்கள், கத்தரிகள், துணிகள். இவள் பேசியது அவர்களுக்குக் கேட்டது, அவர்கள் சிரித்தது இவளுக்குக் கேட்டது. வகுப்பு முடியும்வரை தூணோடு தூணாக நின்றுவிட்டு, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பொத்தான் பழையபடி ஓரத்தில். தமிழ் தமிழாக. பனிமலையைக் காணோம். எங்கள் கல்யாணப் படம், பழைய குளிர்ச்சியோடு.

நான் சபலமுள்ள மனிதன்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல, ஒன்னும் மாறல. சனிக்கெழம எனக்கு மீனு."

"ஒன்னும் மாறலயா?"

"எங்க மாறுச்சு, காட்டு."

அவள் காட்டவில்லை. திரையை என் பக்கம் திருப்பினாள். ஒரே ஒரு மாணவி இன்னும் போகாமல் இருந்தாள். செல்லம்.

"அண்ணே, மாறலன்னா நேத்து எதுக்கு அப்பிடி ஹலோ ஹலோன்னு கத்துனீங்க? நான்தான் பயந்து போயி எங்க வீட்டு ஆள அனுப்புனேன்."

"அது வந்து..."

"சரஸ்வதிக்கு பாஸ்வர்டு கேக்குற பழக்கம் எப்ப வந்துச்சு?" என்றாள் குமுதவல்லி.

எப்படிச் சரிசெய்தாய் என்று மட்டும் கேட்டேன். பால் பொங்குவதற்குள் முடிந்துவிட்டது என்றாள். பிறகு எழுந்து மேடைக்குப் போனாள்.

"பூசையில வெச்ச ஆயுதத்த எடுத்து இன்னைக்கு வேலையத் தொடங்கணும். இல்லன்னா வருஷம் பூரா வெளங்காது."

எனக்குக் கடைசியாக ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"அப்ப என் தூண்டிலும் பூசையில இருந்துச்சே. அதையும் நான் எடுத்து வேலையத் தொடங்கணும்ல?"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று சேலையைப் பிரித்தாள்.

என் தூண்டில் கழிதான். நுனியில், முள் தொங்கவேண்டிய இடத்தில், சாயம் அடிக்கிற ரோலர் ஒன்றைக் கம்பி போட்டு இறுகக் கட்டியிருந்தாள். அதற்கும் அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

"மேல் செவுரு எட்டாதுல்ல" என்றாள்.

வாசலில் இரண்டு சாய வாளிகள் காத்திருந்தன. ஒன்று புதிது. இன்னொன்றைத் திறந்தால் பாதிதான் இருந்தது. கிளிப்பச்சை. மீதிப் பாதி எங்கே போனது என்று தெரிந்துகொள்ளக் கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது.

அங்கிருந்து தங்கராஜு வந்தான். சாயம் தெறித்த தொப்பி ஒன்றை என் தலையில் மாட்டி, காதுவரைக்கும் இழுத்துவிட்டான்.

"உன் வீட்டுல எப்ப மச்சான் அப்டேட்?" என்று கேட்டேன்.

"போன வாரம்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் நேத்து வந்தேன். சொன்னா உன் வீட்டுக்கும் நான்தான் அடிக்கணும்னு செல்லம் சொல்லிருச்சு."

ரோலரைச் சாயத்தில் நனைத்தேன். உள்ளேயிருந்து குமுதவல்லியின் குரல் தேன் தடவிக்கொண்டு வந்தது.

"என்னாங்க, உங்க போனும் அப்டேட் கேக்குது. ஒன்னும் மாறாதுல்ல?"

மம்பாவில் அவள் தம்பியின் மாடி வீட்டுக்கு இன்னும் யாரும் சாயம் அடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.