இணைச்சீருக்கு மயிலாள்தான் நிற்பாள்

திருப்பூர்,
10-8-1969.

பெருமாநல்லூரில் இருக்கும் மரியாதைக்குரிய அண்ணன் சென்னிமலை அவர்களுக்கு, தம்பி மருதாசலம் வணங்கி எழுதிக்கொள்வது.

சிவன்மலை முருகன் அருளால் இங்கே அனைவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். போன செவ்வாய்க்கிழமை உங்கள் கார்டு வந்து சேரும் வரைக்கும் அது உண்மையாகவும் இருந்தது. அண்ணிக்கு மூட்டுவலி குறைந்ததா, சாரதாமணி சௌக்கியமா, கிணற்றில் தண்ணீர் ஊறுகிறதா என்றெல்லாம் கேட்பதுதான் முறை. கேட்டதாக வைத்துக்கொள்ளவும். நான் கோபத்தில் இருக்கிறேன்.

முதலில் அந்தக் கார்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிணறும் தோட்டமும் வைத்திருக்கிற மனிதருக்கு ஒரு கவர் வாங்கி ஒட்டி அனுப்பத் தோன்றவில்லையா? அதுவும் வீட்டு விலாசத்துக்கு இல்லை, நான் வேலை செய்கிற பனியன் கம்பெனி விலாசத்துக்கு. தபால்காரர் அதை வாட்ச்மேன் கன்னையன் கையில் கொடுத்திருக்கிறார். கன்னையனுக்கு வாய்விட்டுப் படித்தால்தான் எழுத்து விளங்கும். கட்டிங் மேஜையை விட்டு நான் வாசலுக்கு வருவதற்குள், பனியன் மடிக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் உங்கள் கார்டு மனப்பாடம் ஆகிவிட்டது. நான் ஒருவன்தான் பாக்கி. எனக்குக் கன்னையன் இரண்டாவது முறையாகப் படித்துக் காட்டினான்.

நீங்கள் எழுதியிருந்தது இது: "கந்தப்பன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு மயிலாளை நிறுத்த வேண்டாம். சபையில் நாலு பேர் சிரிப்பார்கள். உடுமலைப்பேட்டைச் சம்பந்தி என்ன நினைப்பார்? பெரியப்பன் மகளும் தங்கைதானே, சாரதாமணி நிற்கட்டும். அவளுக்குப் பட்டுச்சேலை நாங்களே எடுத்துவிட்டோம். கல்யாணத்தன்று மயிலாளை யார் வீட்டிலாவது விட்டுவிடலாம்."

விட்டுவிடலாம் என்றால் என்ன அர்த்தம் அண்ணா? மழை நின்றதும் மறந்துவிட்டு வருகிற குடையா என் மகள்?

இணைச்சீர் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் கூறைப்புடவை வைத்த கூடையைத் தலையில் சுமந்து வந்து அவனுக்கு இணையாக நிற்பாள். சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். பெண்டாட்டி வந்த பிறகும் தங்கச்சியை மறந்துவிடாதே என்று ஊர் அறியச் சொல்லத்தான் இந்தச் சீர் என்று, என் கல்யாணத்தின்போது எனக்கு விளக்கினீர்கள். மறக்கக் கூடாது என்பதற்காகவே ஒரு சீரை வைத்துக்கொண்டு, அந்தச் சீருக்கே தங்கச்சியை மறந்துவிடு என்று கார்டு போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

மயிலாளுக்கு இருபத்தொரு வயது. ஐந்து வயதில்தான் பேச்சு வந்தது, இன்றைக்கும் பத்துப் பதினைந்து வார்த்தைகளுக்கு மேல் கிடையாது. கோயம்புத்தூர் டாக்டர் இது வியாதியே இல்லை, பிள்ளையின் மூளை வளர்ச்சி அப்படி, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வாள் என்றார். நம் சொந்தக்காரர்கள் அந்த டாக்டரைவிட அதிகம் படித்தவர்கள். ஒருவர் பழனியில் மொட்டை போட்டால் சரியாகும் என்றார், போட்டோம், முடி வளர்ந்தது. இன்னொருவர் கல்யாணம் செய்து வைத்தால் சரியாகும் என்றார். அவருக்கே கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகிறது, ஒன்றும் சரியானதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் உட்கார வைத்துவிட்டு, மற்றப் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் கெடுத்த கெடுதல் இதுதான்: யாரைப் பார்த்தாலும் "சாப்ட்டீங்ளா?" என்று கேட்பாள். பதில் வரும் வரைக்கும் விடமாட்டாள். கல்யாண வீட்டிலும் கேட்பாள், எழவு வீட்டிலும் கேட்பாள். நாமெல்லாம் கேட்பதுதான். நாம் பதிலுக்குக் காத்திருப்பதில்லை, அவள் காத்திருப்பாள்.

உங்கள் கார்டு வந்ததும் நான் பொறுமையாகத்தான் நடந்துகொண்டேன். ஒருவேளை சாத்திரத்தில் தடை இருக்குமோ என்று, சீர் செய்து வைக்கப் போகிற அருமைக்காரர் அய்யாசாமி அவர்களைப் புதன்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

"ஏனுங்க மாமா, இந்தப் புள்ள நின்னாச் சீரு செல்லுமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் மயிலாளை ஒரு பார்வை பார்த்தார். "மாப்பளைக்கு இவ கூடப் பொறந்தவதானுங்களே?"

"ஆமாங்க."

"அப்பறம் என்னத்துக்குங்க என்னையக் கேக்கறீங்க? சீருக்குத் தங்கச்சி வேணுமுங்க. பரிச்சையில பாஸானவளான்னு எங்கப்பாரு காலத்துலயும் ஆரும் கேட்டதில்லீங்க."

அதற்குள் மயிலாள் அவரிடம் "சாப்ட்டீங்ளா?" என்றாள். "இன்னும் இல்லீங் கண்ணு" என்று அவர் வாய் தவறிச் சொன்னதால் தட்டு வந்துவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவியதும் மறுபடியும் கேட்டாள். "ஆச்சுங் கண்ணு" என்றார். மூன்று தடவை சொன்னார். நாலாவது தடவை விளையாட்டாக "இல்லை" என்று சொல்லிப் பார்த்தார், அதற்கும் ஒரு தட்டு வந்தது. மனிதர் வேட்டியைத் தளர்த்திக்கொண்டுதான் வீட்டை விட்டுப் போனார். போகும்போதும் சிரித்துக்கொண்டேதான் போனார், அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

கந்தப்பனிடமும் கேட்டேன். மாப்பிள்ளை அவன்தானே. "தங்கச்சி நிக்கலீன்னா எனக்குச் சீரே வேண்டாமுங்கப்பா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் சொன்ன அந்த ஒரு வரியை நீங்கள் எழுதியிருந்தால் கார்டில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சமாகியிருக்கும்!

வியாழக்கிழமை காலையில் பழக்க ஆரம்பித்தோம். வீட்டில் அளவான கூடை ஒன்றுதான் இருக்கிறது. தினமும் மத்தியானம் எனக்குச் சாப்பாடு வைத்து, மயிலாள் தலையில் சுமந்து கம்பெனி வாசலுக்குக் கொண்டு வருகிற கூடை. அதில் அவள் அம்மா கண்ணம்மாள் தன்னுடைய கூறைப்புடவையையே பெட்டியிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள். மயிலாளும் உள் அறையிலிருந்து சுமந்து வந்து அண்ணன் பக்கத்தில் நின்றாள். மூன்று தடவையும் சரியாக வந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோய் வேலைக்குக் கிளம்பினேன். அதோடு விட்டிருக்கலாம். மத்தியானம் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று கண்ணம்மாள் கூடையை அவள் தலையில் ஏற்றிவிட்டு, கந்தப்பனைக் கூப்பிடக் கொல்லைப்பக்கம் போயிருக்கிறாள். திரும்பி வந்தால் பிள்ளையைக் காணோம். மத்தியானத்தில் அந்தக் கூடை தலைக்கு வந்தால் கம்பெனிக்குத்தான் போக வேண்டும் என்று அவளுக்குப் பத்து வருஷமாகத் தெரியும். புத்தி தெளிந்த இரண்டு பேர்தான் அதை யோசிக்கவில்லை.

கன்னையன் வழக்கம்போல் கூடையை வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல் என் கட்டிங் மேஜையின் கோடியில் வைத்துவிட்டான். முதலாளி அறையிலிருந்து நான் அவசரமாக இறங்கி வந்தேன். ஆர்டர் நெருக்கடி. வெள்ளைத் துணியை மேஜை முழுக்க அடுக்கடுக்காக விரித்தார்கள். கூடையிலிருந்து வழிந்து கிடந்த சேலைத் தலைப்பு அதன் அடியில் மாட்டிக்கொண்டது யார் கண்ணிலும் படவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிங் மாஸ்டராக இருக்கிற நான் என் கையாலேயே கத்தியைப் போட்டேன். நாற்பது பனியன் கைகளோடு கூடவே, கண்ணம்மாளின் கூறைப்புடவை முந்தானையும் ஒரு சாண் வெட்டுப்பட்டு வெளியே வந்தது. பனியன் கையின் அளவு துல்லியமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனியே சிரித்தது. நான் சேலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். போன வேகத்தில் மயிலாளைப் பார்த்துக் கையை ஓங்கிவிட்டேன் அண்ணா. அவள் ஓங்கிய கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், "சாப்ட்டீங்ளா?" என்று கேட்டாள். சாப்பிடவில்லைதான். அன்றைக்குச் சாப்பாடு வரவில்லையே. அப்படியே உட்கார்ந்து அழுதேன். இதை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். கார்டில் எழுதவே வேண்டாம்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் மடிக்கிற பெண்களில் மூத்தவளான வேலாத்தாள் என் மேஜைக்கு வந்தாள். இவள்தான் முன்பெல்லாம் மயிலாள் வாசலுக்கு வந்தால் ஒதுங்கிப் போவாள். தன் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தவள்.

"ஏனுங்க மாஸ்டர், ஊட்டுல வெச்சுப் பழக்குனாச் சபையில பயந்துக்குவாளுங்க. இங்க கொண்டாங்க. சத்தமும் ஆளும் இங்கதானுங்க இருக்குது" என்றாள்.

நேற்றுச் சனிக்கிழமை மத்தியானம், வாசலிலிருந்து கட்டிங் மேஜை வரைக்கும் இரண்டு வரிசையாக நின்றார்கள். கன்னையன்தான் மாப்பிள்ளை. மீசையை முறுக்கிக்கொண்டு, காக்கிச் சட்டைக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு நின்றான். பத்து வருஷமாக வாசலோடு திரும்பிப் போன பிள்ளை கூடையோடு உள்ளே வந்தாள். ஒவ்வொருவர் முன்பும் நின்று "சாப்ட்டீங்ளா?" என்று கேட்டாள். ஒவ்வொருவரும் பதில் சொன்னார்கள். இத்தனை நாளாக இந்தக் கேள்வியையே பட்டப்பெயராக வைத்து அவளைக் கூப்பிட்டவர்கள்தான். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தும் வரிசை பாதிதான் தாண்டியிருந்தது. முதலாளி வந்துவிட்டார். மயிலாள் நேராக அவரிடம் போய்க் கேட்டாள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரை அப்படிக் கேட்ட ஆள் கிடையாது. அவர் கொஞ்சம் யோசித்து, "இன்னும் இல்லீம்மா, இப்பத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் நின்றாள், வலப்பக்கம் நிற்க வேண்டும். சேலை முனையை விடச் சொன்னாலும் விடவில்லை, கன்னையன் அரைமணி நேரம் மாப்பிள்ளையாகவே நின்றான். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, பழகிவிடுவாள். பழகாவிட்டால் இடப்பக்கமே நிற்கட்டும்.

ஆக, நாற்பது பேர் வேலை செய்கிற ஒரு பனியன் கம்பெனிக்கு நாலே நாளில் விளங்கியது, கூடப் பிறந்த உங்களுக்கு இருபத்தொரு வருஷமாக விளங்கவில்லை. நாலு பேர் சிரிப்பார்கள் என்கிறீர்களே, அந்த நாலு பேர் யார்? பெயரும் விலாசமும் எழுதி அனுப்பவும். ஐம்பது வயது ஆகிறது, இந்த நாலு பேருக்குப் பயந்தே நம் குடும்பத்தில் எல்லாம் நடக்கிறது, ஒருத்தனையும் நான் நேரில் பார்த்ததில்லை. வந்தால் பந்தியில் அவர்களுக்கு இலை கிடையாது. சாரதாமணிக்கு எடுத்த பட்டுச்சேலையை அவள் தீபாவளிக்குக் கட்டிக்கொள்ளட்டும். மயிலாளைச் சபையில் பார்க்க உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், நீங்களும் வர வேண்டாம். பெரியப்பன் இல்லாமல் கல்யாணம் நடக்கும். தங்கச்சி இல்லாமல் நடக்காது. தன் ரத்தத்தைச் சபைக்கு மறைக்கிறவனுக்குச் சபையில் என்ன வேலை?

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். சாரதாமணிக்கு என் ஆசீர்வாதம், அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் வேளாவேளைக்கு மருந்து சாப்பிடவும். முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், சீக்கிரமே நல்ல புத்தியையும் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கோபத்திலும் மரியாதை குறையாத தம்பி,
மருதாசலம்.

பி.கு.: ஒட்டுவதற்கு முன்னால் கண்ணம்மாளுக்கு ஒரு தடவை படித்துக் காட்டினேன். பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே கடைசி வரைக்கும் கேட்டாள். மெச்சுவாள் என்று பார்த்தேன். எழுந்து போய், நேற்று அச்சாபீசிலிருந்து வந்த முந்நூறு கல்யாணப் பத்திரிகைகளில் ஒன்றை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். "இதுல எம்புள்ள பேரு எங்கீங்க?" என்று கேட்டாள். தங்கள் நல்வரவை விரும்பும் என்று போட்டு, கீழே பத்தொன்பது பெயர்கள் இருக்கின்றன. உங்கள் பெயர்தான் முதலில். சாரதாமணி பெயர் இருக்கிறது, கன்னையன் பெயர்கூட இருக்கிறது. மயிலாள் பெயர் இல்லை. அச்சாபீஸ்காரர் தவறவிடவில்லை. எழுதிக் கொடுத்தது என் கை. மறந்துவிட்டேன் என்று கண்ணம்மாளிடம் சொல்லப் பார்த்தேன். மறக்கவில்லை அண்ணா. அந்த இடத்தில் பேனா நின்றது. சம்பந்தி என்ன நினைப்பாரோ என்று நினைத்தேன், அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். உங்கள் கார்டு வருவதற்கு ஐந்து நாள் முந்தி இது.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். கண்ணம்மாள் பிடுங்கிக்கொண்டாள். "கிழிக்காதீங்க. இது ஒரு ஆளுக்கு மட்டும் எழுதுனதாட்ட எனக்குத் தெரியலீங்க" என்றாள். ஆகையால் அனுப்புகிறேன். வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். வெள்ளிக்கிழமை சுதந்திர தின லீவு, உங்கள் பேனாவோடு காலையிலேயே வந்துவிடவும். முந்நூறு பத்திரிகையிலும் உங்கள் பெயருக்கு மேலே மயிலாள் பெயரைக் கையால் எழுத வேண்டும், நீங்கள் பாதி, நான் பாதி. வரும்போது இந்தக் கடிதத்தையும் மறக்காமல் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிடவும். இதில் விலாசம் ஒன்றுதான் உங்களுடையது.